லண்டன் போற அம்மா அப்பாவுக்கு ஓட்டல் இங்கிலீஷ்: நூறு வாக்கியம் வேணுமா?

2 பிப்ரவரி 2025 — கேள்வி

அம்மாவும் அப்பாவும் ஏப்ரல்ல லண்டன், மான்செஸ்டர் ரெண்டு ஊருக்கும் போறாங்க. தங்கச்சி அங்கே படிக்கிறா. அவ ஹாஸ்டல் அறையில இவங்களைத் தங்க வைக்க முடியாது, ஒன்பது ராத்திரியும் ஓட்டல்தான். அப்பா பத்தாவது, அம்மா எட்டாவது. "ஓட்டலில் பேச 100 ஆங்கில வாக்கியங்கள்"னு ஒரு வீடியோ பார்த்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கேன். நூறும் தெரிஞ்சா சமாளிச்சுடுவாங்கதானே?

2 பிப்ரவரி, இரவு — பதில்

மாட்டாங்க. அந்த நூறை விடுங்க தம்பி.

2023 ஜூலையில மகளோட பட்டமளிப்புக்கு நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் மான்செஸ்டர் போயிருந்தோம், ஆறு ராத்திரி ஓட்டல்ல. நான் அரசுப் பள்ளியில அறிவியல் டீச்சர், வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்துல கணக்கு. ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும். அப்படியும் திணறினோம். திணறினது தெரியாத வார்த்தைகள்ல இல்ல. சின்ன வயசுல இருந்து தெரிஞ்ச வார்த்தைகள்லதான். நாம இங்கே பேசுற இங்கிலீஷ் வார்த்தைக்கு அங்கே வேற பொருள் இருக்கு. எந்த வீடியோவும் இதைச் சொல்லித் தரல.

உதாரணத்தை நாளைக்கு எழுதறேன்.

3 பிப்ரவரி

முதல் உதாரணம், காட்.

நமக்கு காட்னா கட்டில். மரக் காட், இரும்புக் காட், ஆஸ்பத்திரி காட். மகள் போட்ட புக்கிங்ல அறைக்கு ஒரே ஒரு பெரிய படுக்கைதான். மாமியாருக்கு வேற கட்டில் வேணும்னு வீட்டுக்காரர் ரிசப்ஷன்ல தெளிவா, மரியாதையா, "ஒன் எக்ஸ்ட்ரா காட், ப்ளீஸ்"னார். அந்தப் பொண்ணு சிரிச்ச முகத்தோட, "ஹௌ ஓல்ட் இஸ் த லிட்டில் ஒன்?"னு கேட்டது. இவர், "செவன்ட்டி ஃபோர்"னார்.

பிரிட்டன்ல காட்னா கைக்குழந்தைக்குக் கம்பி வச்ச கட்டில். அமெரிக்காவுல அதையே க்ரிப்ம்பாங்க, அங்கே காட்னா மடக்குக் கட்டில். நாம கேட்க வேண்டியது "எக்ஸ்ட்ரா பெட்". ரோல்அவே பெட், சோஃபா பெட்னு அவங்க திருப்பிச் சொல்லுவாங்க, ரெண்டும் சரிதான். ஆனா அந்த அறையில அது கொள்ளாதுன்னுட்டாங்க. கடைசியில வேற அறைக்கு மாறினோம்.

அதனால புக்கிங் போடும்போதே பாருங்க: டபுள் ரூம்னா ரெண்டு பேர் படுக்குற ஒரே படுக்கை. ட்வின் ரூம்னா தனித்தனியா ரெண்டு படுக்கை. டபுள்னா "ரெண்டு"ன்னு நினைச்சு நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் டபுளைப் போட்டுடறாங்க. உங்க அம்மா அப்பாவுக்கு எது தோதுன்னு அவங்களையே கேளுங்க. ட்ரிபிள், ஃபேமிலி ரூம் ரெண்டுலயும் படுக்கை எத்தனை, என்ன அளவுன்னு ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். படத்தை நம்பாம எழுதிக் கேட்டு வாங்கிக்கோங்க.

3 பிப்ரவரி, இரவு

இன்னொண்ணு, ஓட்டல்ங்கிற வார்த்தையே. "ஓட்டல்ல தங்கப் போறோம்"னு சொன்னப்ப மாமியார், "சாப்பிடற எடத்துல எப்படிடி படுக்கறது?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு ஓட்டல்னா இட்லி, தோசை. தங்கறது லாட்ஜ். லத்தீன்ல விருந்தாளி சம்பந்தப்பட்ட ஒரே சொல்லுல இருந்து ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் மூணும் வந்ததுன்னு அவங்களுக்குச் சொன்னேன். "அப்ப மூணுலயும் சோறு உண்டா?"ன்னாங்க. பதில் சொல்ல முடியல, ஆனா சாப்பாட்டு விஷயம் தனியா எழுதணும், அது பெருசு.

5 பிப்ரவரி

உங்க அப்பாவுக்கு நான் எழுதித் தர்ற பட்டியல் இவ்வளவுதான். நாலு அச்சு. அச்சுல எந்தப் பொருளை வேணாலும் ஊத்திக்கலாம்.

"குட் ஐ ஹேவ்…?" வேணும்ங்கிறதுக்கு. டவல், பில்லோ, ஹாட் வாட்டர், த வைஃபை பாஸ்வேர்ட், எ ரிசீட்.

"இஸ் … இன்க்ளூடட்?" வாடகையில சேர்ந்ததான்னு கேட்க. ப்ரேக்ஃபாஸ்ட், பார்க்கிங், டாக்ஸ்.

"த … இஸின்ட் வொர்க்கிங்." கெட்டில், ஷவர், கீ கார்ட், லிஃப்ட். எது கெட்டாலும் இது ஒண்ணு போதும்.

"சாரி, குட் யூ ரைட் இட் டவுன்?" புரியாதப்ப. மெதுவா சொல்லுங்கன்னு கேட்டா அதையே சத்தமாச் சொல்றாங்க. எழுதித் தரச் சொல்றது மேல்.

"ஐ வான்ட்" வேண்டாம். நமக்கு "எனக்கு ஒரு துண்டு வேணும்"ங்கிறதுல குறையே இல்ல, மரியாதை "வேணுங்க"ல இருக்கற அந்த "ங்க"ல வந்துடும். இங்கிலீஷ்ல ஒட்ட வைக்க "ங்க" கிடையாது. அந்த வேலையை "குட் ஐ"யும் "ப்ளீஸ்"ஸும் செய்யுது. மாமியாருக்கு இதை இப்படித்தான் விளக்கினேன், உடனே பிடிச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு ஏ பி சி டி தெரியாது. மூணாம் நாள் காலையில கையில சின்ன ஃப்ளாஸ்க்கோட கீழே போய், "குடைய ஹாட் வாட்டர், ப்ளீஸ்"னு கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. "குட் ஐ" அவங்க வாயில "குடைய"வாயிடுச்சு, அங்கே எல்லாருக்கும் புரிஞ்சுது.

8 பிப்ரவரி

பேர் விஷயம். இனிஷியல் போடற நம்ம பேரை அங்கே எப்படிச் சொல்றதுன்னு கீழே ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி, நான் முதல்லயே எழுதியிருக்கணும்.

ரிசப்ஷன்ல முதல் கேள்வியே "வாட் நேம் இஸ் இட் அண்டர்?" இல்லைன்னா "கேன் ஐ டேக் யுவர் சர்நேம்?". சர்நேம்னா குடும்பப் பேர். நமக்கு அது கிடையாது, அப்பா பேர்தான் இருக்கு. பாஸ்போர்ட்டுல அப்பா பேர் சர்நேம் கட்டத்துல உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. வீட்டுக்காரர் தன் பேரைச் சொல்றார், கம்ப்யூட்டர்ல தேடறாங்க, "ஐ கான்ட் ஃபைன்ட் யூ"ங்கறாங்க. புக்கிங் இருந்தது அவரோட அப்பா பேர்ல, அதாவது காலமான எங்க மாமனார் பேர்ல. மாமியார் பக்கத்துல நிக்கறாங்க. அந்தப் பொண்ணு மாமனார் பேரை ரெண்டு தரம் சத்தமா வாசிச்சப்ப அவங்க கண் கலங்கிட்டாங்க. இதுக்கு எந்த வாக்கியமும் இல்ல.

செய்ய வேண்டியது: புக்கிங் தாளை அச்செடுத்து, அதுல எந்தப் பேர் சர்நேமா இருக்கோ அதை மார்க்கர்ல கோடு போட்டுக் கொடுங்க. "த புக்கிங் இஸ் அண்டர் திஸ் நேம்"னு விரலை வச்சுக் காட்டினாப் போதும்.

எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது ஒரே எழுத்து ரெண்டு வந்தா "டபுள் ஏ", "டபுள் எல்"னு சொல்றது அங்கேயும் வழக்கம். வீ, டபிள்யூ ரெண்டையும் நாம ஒரே மாதிரி சொல்றோம், அங்கே தடுமாறுவாங்க. "வீ ஃபார் விக்டர்"னு சொல்லிடுங்க. ழ வர்ற பேர்காரங்க எழுதியே காட்டிடுங்க.

9 பிப்ரவரி

பாஸ்போர்ட் கேட்பாங்க, கொடுக்கணும். 1972-லேயே சட்டம் இருக்கு, நம்பர் குறிச்சுக்குவாங்க, அடுத்து எங்கே போறீங்கன்னும் கேட்பாங்க. பயப்பட ஒண்ணுமில்ல.

11 பிப்ரவரி

மேலே 9-ஆம் தேதி எழுதினது அரைகுறை. திருத்தறேன்.

அந்த 1972 உத்தரவுப்படி 16 வயசும் அதுக்கு மேலயும் ஆன எல்லா விருந்தினரோட முழுப் பேரையும் எந்த நாட்டுக்காரர்ங்கிறதையும் ஓட்டல் குறிச்சு 12 மாசம் வச்சிருக்கணும். பாஸ்போர்ட் நம்பர், அடுத்து போற இடம் ரெண்டும் பிரிட்டன், அயர்லாந்து, காமன்வெல்த் நாடுகளைச் சேராதவங்ககிட்டதான் கேட்கணும்னு இருக்கு. இந்தியா காமன்வெல்த்ல இருக்கு. அதனால நம்மகிட்ட சட்டப்படி பேரும் நாடும் போதும். ஆனா ஆள் அடையாளத்துக்காகப் பல ஓட்டல்ல பாஸ்போர்ட்டைப் பார்க்கத்தான் செய்யறாங்க. காட்டுங்க, பார்த்ததும் திரும்பி வாங்கிக்கோங்க. "மே ஐ ஹேவ் இட் பேக்?"

13 பிப்ரவரி

கார்டு. இதைப் பெரியவங்களுக்குக் கட்டாயம் சொல்லணும்.

உள்ளே போகும்போது வாடகைக்கு மேல ஒரு தொகையைச் சில ஓட்டல்ல கார்டுல நிறுத்தி வைப்பாங்க. "இட்ஸ் ஜஸ்ட் எ ப்ரீ-ஆத்தரைசேஷன்"னு சொல்லுவாங்க. பணம் எடுக்கறது இல்ல, நம்ம கணக்குலயே முடக்கி வைக்கறது. ஆனா அந்தப் பணத்தை நாம செலவு பண்ண முடியாது, காலி பண்ணின பிறகும் விடுபட நாள் ஆகும். எங்க பயண கார்டுல கொஞ்சம்தான் போட்டிருந்தோம், ரெண்டாம் நாளே மளிகைக் கடையில கார்டு மறுத்துடுச்சு. பணம் திருடு போயிடுச்சுன்னு நான் ராத்திரி முழுக்கத் தூங்கல. கேட்க வேண்டிய வாக்கியம்: "இஸ் இட் எ ஹோல்டு ஆர் எ சார்ஜ்?" ஹோல்டுன்னா திரும்ப வரும், சார்ஜ்னா போயிடுச்சு. "ஹௌ மச்?"சும் கேட்டு எழுதி வாங்குங்க.

மான்செஸ்டர் நகர மையத்துல பல ஓட்டல் பில்லுல சிட்டி விசிட்டர் சார்ஜ்னு ஒரு கட்டணம் வரும். 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, அப்ப அறைக்கு ராத்திரிக்கு 1 பவுண்டு, அதுக்கு மேல வாட் வரி. ஏமாத்தறாங்கன்னு சண்டை போட்டுட வேண்டாம். நாங்க போட இருந்தோம்.

13 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

நாலு அச்சுன்னு சொன்னேன். அஞ்சாவது ஒண்ணு வேணும்: கேட்டதைத் திருப்பிச் சொல்றது. "ஸோ தட்ஸ் … , இஸ் இட்?" காலைச் சாப்பாடு ஒரு ஆளுக்கு ஃபிஃப்டீன்னு அவங்க சொன்னதை வீட்டுக்காரர் ஃபிஃப்டின்னு கேட்டுட்டு, வேண்டவே வேண்டாம்னுட்டார். ரெண்டு நாள் ரொட்டியும் பழமுமா ஓட்டினோம். "ஒன் ஃபைவ்?"னு விரல் காட்டிக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். யோசிச்சுப் பார்த்தா இந்த அஞ்சாவதைத்தான் முதல்ல வச்சிருக்கணும்.

16 பிப்ரவரி

சாப்பாடு. மாமியார் சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டாங்க.

"வெஜிடேரியன்"னு சொன்னா அங்கே முட்டை அதுல சேர்த்தி. "வீகன்"னு சொன்னா முட்டை போயிடும், கூடவே பாலும் தயிரும் வெண்ணெயும் போயிடும். நம்ம சைவத்துக்கு அவங்க மொழியில ஒத்தைச் சொல் கிடையாது. "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக். மில்க் இஸ் ஓகே." இந்த ஒன்பது வார்த்தையை அட்டையில எழுதி அம்மா பையில வச்சிடுங்க.

இதுக்கு மேல ஒரு வழி இருக்கு, எங்களுக்கு நாலாம் நாள்தான் தெரிஞ்சுது. ஒவ்வாமை தர்ற 14 பொருள் எந்தெந்தப் பதார்த்தத்துல இருக்குன்னு சாப்பாடு விக்கறவங்க சொல்லியே ஆகணும்னு அங்கே சட்டம். அந்த 14-ல முட்டையும் பாலும் மீனும் உண்டு. "குட் ஐ சீ த அலர்ஜன் லிஸ்ட்?"னா பல இடத்துல பட்டியலைக் கையில கொடுத்துடறாங்க. எக்னு போட்ட கட்டத்துல குறி இருக்கான்னு நாமளே பார்த்துக்கலாம், யாரையும் நம்ப வேண்டியது இல்ல. ஒண்ணு மட்டும் கவனம்: ஆடு, கோழி, பன்றி அந்த 14-ல வராது. அதை வாயாலதான் கேட்கணும்.

ஃபுல் இங்லிஷ்னு தட்டு வரும். அதுல பேக்கனும் சாசேஜும் பொதுவா பன்றி. ப்ளாக் புட்டிங்னு கறுப்பா வட்டமா இருக்கறது ரத்தம் சேர்த்துப் பண்றது, பேரைக் கேட்டு இனிப்புன்னு எடுத்துடாதீங்க. பீன்ஸ், காளான், தக்காளி, டோஸ்ட் நமக்கு ஆகும், ஒரே சட்டியில வதக்கினதான்னு கேட்டுக்கலாம். கான்டினென்டல்னா பெரும்பாலும் ரொட்டி, ஜாம், பழம், சீஸ். ஆனா க்ராஸான் மாதிரி பேக்கரி ஐட்டத்துல முட்டை இருக்கலாம், பட்டியலைப் பாருங்க.

தயிருக்கு "கர்ட்"னு கேட்காதீங்க. அங்கே லெமன் கர்ட்னு ஒண்ணு, ரொட்டியில தடவறது, முட்டை போட்டுக் கிண்டினது. மாமியார் தட்டுல அது வந்து, மஞ்சளா இருக்கேன்னு நான் டப்பாவைத் திருப்பிப் படிச்சதால தப்பிச்சோம். "ப்ளெய்ன் யோகர்ட்"னு கேளுங்க.

வடக்கு இங்கிலாந்துல பல வீட்டுல "டீ"ன்னா ராத்திரிச் சாப்பாடு, "டின்னர்"னா மத்தியானம். மகளோட தோழி வீட்டு அம்மா டீக்கு வாங்கன்னாங்க. சாயங்காலம் ஓட்டல்லயே வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுப் போனோம், அங்கே மேசை நிறையச் சாப்பாடு.

19 பிப்ரவரி

குளியலறைக்குள்ள ஒரு வார்த்தை இருக்கு, அதைக் கேட்காம முதியவங்களுக்கு அறையே போடக் கூடாது: "வாக்-இன் ஷவர்". அப்படி இல்லாட்டி முழங்கால் உயரத் தொட்டிக்குள்ள ஏறி நின்னு குளிக்கணும். மாமியாருக்கு மூட்டு வலி. முதல் நாள் நான் பிடிச்சுக்கிட்டு ஏத்தி இறக்கினேன், ரெண்டு பேரும் வழுக்கி விழத் தெரிஞ்சோம். அறை மாத்தினப்ப இதையும் சேர்த்துக் கேட்டதால பிழைச்சோம். அக்ஸெஸிபிள் ரூம்ங்கிறது மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கினது, வெட் ரூம்னா நம்ம வீட்டுக் குளியலறை மாதிரி தரையிலேயே தண்ணி ஓடறது. "இஸ் தேர் எ லிஃப்ட்?"டும் கேளுங்க. பழைய கட்டடத்துல நடத்தற சின்ன விடுதிகள்ல பல இடத்துல லிஃப்ட் இல்ல.

அந்த முதல் அறையிலேயே நடந்தது. தொட்டியில குளிச்சப்ப ஷவர் திரையை வெளியே தொங்க விட்டுட்டோம். தொட்டிக்கு வெளியே தரையில தண்ணி போக வழியே கிடையாது. கீழ் அறைக் கூரையில ஒழுகி, ஆள் வந்து கதவைத் தட்டினாங்க. எங்க ஊர்ல குளியலறைன்னா தரையைக் கழுவி விடறதுதான். திரை தொட்டிக்குள்ள இருக்கணும். வாளி, மக் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே மக்னா காபி குடிக்கற கோப்பை, மக் கேட்டா அதுதான் வரும். அம்மா ஒரு சின்ன ப்ளாஸ்டிக் மக்கைப் பெட்டியில வச்சுக்கட்டும்.

சில குளியலறையில கயிறு தொங்கும். மேலே இருந்து வர்ற வெள்ளைக் கயிறு பெரும்பாலும் விளக்கு சுவிட்ச். சிவப்புக் கயிறு உதவிக்கு ஆள் கூப்பிடறது, அதை இழுக்கக் கூடாது. இழுத்துட்டா "சாரி, இட் வாஸ் எ மிஸ்டேக்"னு சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. குளியலறைக்குள்ள சார்ஜ் போட முடியாது, இருக்கற ஓட்டை ஷேவருக்கு மட்டும்.

20 பிப்ரவரி

வெந்நீர் கீசர் ஓடலன்னா எப்படிச் சொல்றதுன்னு கேட்ட அண்ணனுக்கு: கீசர்ங்கிற வார்த்தையை விட்டுடுங்க. நாம சொல்ற மாதிரி கீசர்னு உச்சரிச்சா லண்டன்ல "ஆளு", "பெரிசு"ங்கிற பேச்சு வழக்குச் சொல்லு. "த கீசர் இஸின்ட் வொர்க்கிங்"னா அந்த ஆள் வேலை செய்யலன்னு ஆகும். "தேர்ஸ் நோ ஹாட் வாட்டர்", அவ்வளவு போதும்.

23 பிப்ரவரி

சில்லறையா நினைவு வந்தது.

"யூ ஆல்ரைட்?" ரிசப்ஷன்ல இப்படிக் கேட்டா உடம்பு சரியில்லையான்னு கேட்கல. "வாங்க, என்ன வேணும்?"ங்கிற மாதிரி. வீட்டுக்காரர் முதல் ரெண்டு நாள் தன் ரத்த அழுத்தத்தை விளக்கிக்கிட்டு இருந்தார். "யெஸ், தேங்க் யூ"ன்னுட்டு நம்ம விஷயத்துக்கு வந்துடலாம்.

"ஐ ஹேவ் எ டௌட்"னா உங்க மேல நம்பிக்கை இல்லைங்கிற மாதிரி தொனிக்கும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்".

"வேகேட்" வேண்டாம், "செக் அவுட்". நம்ம லாட்ஜ்ல எப்ப நுழைஞ்சோமோ அதுல இருந்து 24 மணி நேரம். அங்கே நேரம் நிலையானது. நுழையறது மத்தியானம் 2 இல்ல 3 மணிக்கு மேல, காலி பண்றது காலையில 10-ல இருந்து 12-க்குள்ள. காலை விமானத்துல இறங்கினா அறை கிடைக்காது. "குட் வீ லீவ் அவர் பேக்ஸ் ஹியர்?"னு கேட்டுப் பெட்டியை வச்சுட்டு வெளியே போகலாம். முதல் நாளே இது வேணும்.

"ஹாஃப் செவன்"னா ஏழரை. ஆறரை இல்ல. டாக்ஸி சொல்லும்போது தேவைப்படும்.

சூட் ரூம்னு நாம சொல்றது ஸ்வீட்னு உச்சரிக்கணும். சூட்னா கோட்டு சூட்டுதான். ஆன் ஸ்வீட்னா அறையோட சேர்ந்த குளியலறை. சின்ன விடுதியில "ஷேர்ட் பாத்ரூம்"னு போட்டிருந்தா விட்டுடுங்க.

27 பிப்ரவரி

அமெரிக்காவுல இதெல்லாம் வேற மாதிரின்னு நியூ ஜெர்சியில இருந்து எழுதினவர் சொல்றது சரி, நான் எழுதினது பிரிட்டனுக்கு மட்டும். அமெரிக்காவுல தரைத்தளமே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். லிஃப்ட் எலிவேட்டர், சாப்பாட்டு பில்லு செக். மின்சாரம் 120 வோல்ட், நம்ம கெட்டில் அங்கே சரியாச் சுடாது. பிரிட்டன்ல 230, நம்ம மாதிரியே, ப்ளக் கால்தான் வேற: தட்டையா மூணு. அடாப்டர் மட்டும் போதும்.

4 மார்ச்

அம்மா நகையை எங்கே வைக்கறதுன்னு தம்பி கேட்டிருக்கார். ரிசப்ஷன் பக்கம் ஒரு அறிவிப்பு மாட்டியிருப்பாங்க, யாரும் படிக்கறது இல்ல. 1956-ல வந்த ஓட்டல் உரிமையாளர் சட்டப்படி, பொருள் தொலைஞ்சா ஓட்டலோட பொறுப்பு ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, ஒரு விருந்தினருக்கு மொத்தம் 100 பவுண்டு வரைதான். அவங்க ஆளோட தப்பாலயோ, அவங்க ஆளே திருடினதாலயோ போனாலோ, பாதுகாப்புக்குன்னு சொல்லி ஒப்படைச்சிருந்தாலோ அந்த வரம்பு கிடையாது. ஒப்படைக்கறதுன்னா "குட் யூ கீப் திஸ் சேஃப் ஃபார் மீ? குட் ஐ ஹேவ் எ ரிசீட்?". ரசீது இல்லாம கொடுக்க வேண்டாம். இன்னும் மேல், தாலிக் கொடியோட மட்டும் போகச் சொல்லுங்க. நான் அப்படித்தான் போனேன்.

30 ஏப்ரல்

தம்பி எழுதியிருக்கறதைப் படிச்சேன். அப்பா எல்லாத்தையும் திருப்பிச் சொல்லிச் சொல்லிக் கேட்டார்ங்கறது சந்தோஷம். அம்மாவுக்கு ராத்திரி குளிரினதாம், கம்பளி எப்படிக் கேட்கறதுன்னு தெரியாம ஸ்வெட்டரோட படுத்தாங்களாம். இதை எழுதாம விட்டது என் தப்பு. அடுத்து போறவங்களுக்கு: அங்கே போர்வை இருக்காது, டூவேனு உறை போட்ட மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். அலமாரி மேல்தட்டுல பாருங்க, பல ஓட்டல்ல அங்கேயே இன்னொரு கம்பளி மடிச்சு வச்சிருப்பாங்க. இல்லைன்னா "குட் ஐ ஹேவ் அனதர் ப்ளாங்கெட், ப்ளீஸ்?". அறை சூடாகலன்னா "த ஹீட்டிங் இஸின்ட் வொர்க்கிங்".